இந்தெபெலே அரசின் பொருள் வாழ்வு

ஓர் அரசைப் பற்றி ஒருமுறை எழுதப்பட்டுவிட்ட சொல் பல்லாண்டு கழிந்தும் எளிதில் மறைவதில்லை. ஆபிரிக்காவின் தென்பாகத்திலே, லிம்போப்போ ஆற்றுக்கும் சாம்பேசி ஆற்றுக்கும் இடையில், இன்று சிம்பாப்வே என வழங்கும் நாட்டின் மேற்குப் பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஓர் அரசு நிலவியது. அதனை இந்தெபெலே அரசு என்பர். அக்கால ஆங்கிலேயர் மற்றபெலே என எழுதினர். அவ்வரசின் மக்கள் உழவறியாதவர், அயலாரின் மாட்டையும் தானியத்தையும் கவர்ந்தே உயிர் வாழ்ந்தவர் என்பது அந்நூற்றாண்டின் ஐரோப்பியர் பலர் எழுதிவைத்த கூற்று. பின்வந்தோரும் அதனை வழிமொழிந்தனர். இக்கூற்று எவ்வளவு மெய்யானது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனை வெறுஞ் சொல்லாராய்ச்சி என எண்ணற்க. அவ்வரசின் பொருள் வாழ்வைப் பற்றிப் பிறர் கொண்ட பிழையான கருத்தொன்று அம்மக்களின் ஆநிரையைப் பறித்தற்குக் கருவியாயிற்று என்பதை இறுதியிற் காட்டுவோம்.

நாடும் மக்களும்

சூலு வேந்தன் ஷாக்காவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தவன் முசிலிகாசி. குமாலோ என்னும் குலத்துத் தலைவனாகிய அவன், 1820ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஷாக்காவோடு முரண்பட்டுத் தன் சிறு கூட்டத்தோடு வடமேற்கே பெயர்ந்தான். சென்ற வழியிலே சோத்தோ, சுவானா மக்கள் பலர் அவனுடைய அரசிற் சேர்ந்தனர். சிலர் விரும்பியும், பலர் வெல்லப்பட்டும் சேர்ந்தவர். 1837ஆம் ஆண்டில் போவர் எனப்படும் ஒல்லாந்த வழிக் குடியேறிகளாற் றாக்குண்டு, லிம்போப்போவைக் கடந்து, 1840ஆம் ஆண்டளவில் இன்றைய புலவாயோ நகரைச் சூழ்ந்த மேட்டு நிலத்தில் நிலைகொண்டான். அவன் 1868ஆம் ஆண்டில் இறக்க, 1870ஆம் ஆண்டில் அவன் மகன் லொபெங்குலா அரசு கட்டிலேறினான்.

அந்நிலம் ஆளில்லா நிலம் அன்று. முன்பு ரொஸ்வி அரசரின் கீழ் வாழ்ந்த கலங்கா முதலிய மக்கள் ஆங்குத் தலைமுறை தலைமுறையாகப் பயிர்செய்து வந்தவர். எனவே இந்தெபெலே அரசிலே மூன்று வகுப்பார் இருந்தனர். தெற்கிலிருந்து முதலில் வந்த சூலு வழியினர் முதல் வகுப்பார். வழியிற் சேர்ந்த சோத்தோ, சுவானா வழியினர் இரண்டாம் வகுப்பார். நாட்டின் பழங்குடிகள் மூன்றாம் வகுப்பார். நாளடைவில் இம்மூன்றாம் வகுப்பாரே தொகையிற் பெருகினர். பழைய உழவரைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஓர் அரசு உழவறியாத அரசாதல் எங்ஙனம் என்னும் வினா இங்கேயே எழுகின்றது.

அம்மேட்டு நிலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,400 அடி உயரமுள்ளது. மழை பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச்சு வரை பெய்யும். ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 24 அங்குலம். ஆயினும் ஓராண்டு மிகும், மற்றோராண்டு பொய்க்கும். புல் மாட்டுக்கு இனியது. கோடையிலும் அதன் சத்து முற்றும் ஒழிவதில்லை. வடக்கே சாம்பேசிப் பள்ளத்தாக்கிலே செட்சி ஈ என்னும் ஒருவகை ஈ உண்டு. அது கடித்தால் மாடு நோயுற்று மாளும். ஆகவே மேய்ச்சலுக்கு உகந்த நிலத்தின் வட எல்லையை வகுத்தது அச்சிறு ஈயே எனலாம். இந்நிலவியல்பை மனத்திற் கொண்டாலன்றி அவ்வரசின் பொருள் வாழ்வு விளங்காது.

வேளாண்மை

அம்மக்களின் அன்றாட உணவு தானியமே. இறுங்கு, கம்பு, குரக்கன் ஆகிய மூன்றும் தலையாய பயிர்கள். சோளம், பயற்றை, கச்சான், பூசணி, வற்றாளை முதலியனவும் விளைந்தன. வரட்சியைத் தாங்கும் இறுங்கும் கம்பும், சற்று மழை வேண்டும் சோளமும் ஒருங்கே பயிரிடப்பட்டமை, ஒன்று பொய்ப்பினும் மற்றொன்று காக்கும் என்னும் அறிவின் பயனாகும்.

கலப்பை அவரிடம் இல்லை. இரும்பு மண்வெட்டியே கருவி. காடு வெட்டித் துப்புரவாக்கும் பணியில் ஆடவர் ஈடுபட்டனர். கொத்துதல், விதைத்தல், களை பறித்தல், அறுத்தல் ஆகியவற்றின் பெரும்பாரம் மகளிர் மீதே இருந்தது. பயணிகள் பலர் அரசனுடைய ஊரிலே வீரர்களையும் கேடகங்களையும் கண்டனரேயன்றி, வயலிலே குனிந்து நின்ற மகளிரின் உழைப்பைக் கணக்கிலே சேர்த்தாரல்லர். உழவறியாத மக்கள் என்னும் பழி பிறந்ததற்கு இஃது ஒரு காரணம்.

விளைந்த தானியத்தைச் சேமிக்கும் முறையும் அறியத்தக்கது. மாட்டுப் பட்டியின் நடுவே குடுவை வடிவான குழி அகழ்ந்து, அதனுள் தானியத்தை இட்டு, வாயை மூடிச் சாணத்தால் அடைத்துவிடுவர். காற்றும் பூச்சியும் புகா. பகைவர் கண்ணுக்கும் எளிதிற் புலனாகா. பழங்குடிகளோ கால் நாட்டி உயர்த்திய களஞ்சியங்களிற் சேமித்தனர். இரு முறையும் ஒரே அரசில் வழங்கின. பறித்துண்டே வாழ்வோர் ஆண்டுமுழுதும் காக்கும் களஞ்சியம் அமைத்தல் அரிது என்பது நோக்கத்தக்கது.

அவ்வரசின் தலையாய விழாவும் உழவைச் சார்ந்ததே. இன்ச்வாலா என வழங்கும் முதற்கனி விழா, சனவரி பெப்ரவரி மாதங்களை அண்டி, புதுவிளைவு முதிரும் பருவத்திலே அரசனுடைய ஊரில் நிகழும். அரசன் முதலிற் புதுவிளைவைச் சுவைத்த பின்னரே குடிகள் உண்ணுதல் மரபு. படைக்கலம் தாங்கிய வீரர் ஆயிரக்கணக்கிற் கூடும் அவ்விழாவைக் கண்ட பிறநாட்டார் அதனைப் போர் விழா எனக் கொண்டனர். உண்மையில் அது விளைவுக்கு நன்றி செலுத்தும் விழா. மத்தோபோ மலைக் குகைகளிலே மழைதரும் தெய்வமாக வழிபடப்பட்ட முவாலிக்கு இந்தெபெலே அரசரும் காணிக்கை அனுப்பினர். அது வென்றோரின் தெய்வம் அன்று; வெல்லப்பட்ட பழங்குடிகளின் தெய்வம். மழையின்றி அரசில்லை என்பதை அவ்வரசர் நன்குணர்ந்திருந்தனர்.

ஊர்கள் நிலையாக ஓரிடத்தில் இருந்தனவல்ல. சில ஆண்டுகளில் மண்ணின் வளம் குன்றும், விறகு தொலைவாகும், புல் தேயும். அப்போது ஊரே பெயரும். லொபெங்குலாவும் 1881ஆம் ஆண்டில் பழைய புலவாயோவை விட்டு வடக்கே புதிய புலவாயோவை அமைத்தான். இதனை நாடோடி வாழ்வு என்றல் பொருந்தாது. நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் வேளாண் முறை அது.

ஆநிரை

தானியம் உடலை வளர்த்தது. ஆநிரையோ குடியையும் அரசையும் ஒன்றாகப் பிணித்தது. பாலைப் புளிக்கச்செய்து உண்டனர். தோல் ஆடையாயிற்று, கேடகமாயிற்று. திருமணத்திலே மணமகன் வீட்டார் மாடு கொடுத்து உறவை உறுதி செய்தனர். முன்னோர்க்குப் பலியிடவும் விருந்துக்கும் மாடே வேண்டும். தமிழிலே மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டென்பதை அறிந்த நமக்கு, இக்கருத்து புதிதன்று.

மாட்டின் உரிமை இருவகைப்பட்டது. அரசுக்குரிய மாடுகள் ஒரு வகை. குடும்பத்தார்க்குரிய மாடுகள் மற்றொரு வகை. அரசுக்குரியவை ஊர்தோறும் பகிர்ந்து வைக்கப்பட்டன. அவற்றின் பாலை ஊரார் உண்பர். விழாவிலும் படை கூடும்போதும் அவற்றின் இறைச்சி பங்கிடப்படும். ஆயினும் அரசன் ஆணையின்றி அவற்றை அழித்தல் கூடாது. குடும்பத்தார் மாடுகளோ தந்தை மகனுக்கு விடுவன. கொடுக்கவும் கொள்ளவும் அவர்க்கு உரிமையுண்டு. எல்லா மாடும் அரசனுடையவை என்று குடிகள் கூறுவதுண்டு. அது நாடே அரசனுடையது என்று நாம் கூறுவது போன்ற வழக்கு. அரசனை உயர்த்திக் கூறும் சொல்லேயன்றிக் கணக்கேட்டிலே எழுதும் சொல் அன்று. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

செல்வர் தம் மாடுகள் அனைத்தையும் ஒரே பட்டியில் அடைத்து வைப்பதில்லை. பலவற்றை ஏழைகளிடத்தும் அயலூராரிடத்தும் வளர்ப்புக்கு விடுவர். இம்முறையை அவர் மொழியில் லாகிசா என்பர். வாங்கியவன் பாலைக் கறந்து உண்பான், சாணத்தைப் பயன்படுத்துவான், நன்கு பேணினால் இடையிடையே ஒரு கன்றும் பெறுவான். மாடும் அதன் வழிக் கன்றுகளும் உடையவனுக்கே உரியன. இதனால் மூன்று நன்மை விளைந்தன. ஓரிடத்தில் நோயோ வரட்சியோ நேர்ந்தால் நிரை முழுதும் அழியாது. மாடில்லாத குடியின் குழந்தையும் பால் பெறும். கொடுத்தவனுக்கு வாங்கியவன் நன்றியுள்ள துணைவனாவான். வங்கியும் காப்புறுதியும் இல்லாத நாட்டிலே அவ்விரண்டின் பணியையும் இவ்வழக்கம் செய்தது. அரசனும் இவ்வாறே ஷோனாத் தலைவர் சிலரிடம் தன் மாடுகளை விட்டிருந்தான்.

மாட்டின் நலத்தில் அவர் கொண்ட கருத்துக்கு ஒரு சான்று கூறுவாம். 1859ஆம் ஆண்டில் றொபேட் மொபற் என்னும் பாதிரியார், இலண்டன் மிஷன் சங்கத்தார் சிலரை அந்நாட்டில் நிலைநிறுத்த அழைத்து வந்தார். வழியிலே அவர்தம் வண்டி எருதுகளை நுரையீரல் நோய் பற்றிக்கொண்டது. அந்நோய் முசிலிகாசியின் நிரைகளுக்குத் தொற்றுமென அஞ்சிய மொபற், அரசனுக்குச் செய்தி அனுப்பினார். நோயுற்ற எருதுகள் பின்னே நிறுத்தப்பட்டன. அரசன் அனுப்பிய வீரர்களே பாரமேறிய வண்டிகளைத் தம் தோள் வலியால் இழுத்துச் சென்றனர். மாட்டைக் காத்தற்கு மனிதர் நுகம் பூண்ட இந்நிகழ்ச்சியினும் தெளிவான சான்று வேண்டுமோ? அவ்வாண்டிலேயே இன்யாற்றி என்னுமிடத்தில் மிஷன் நிலையம் அமைந்தது.

திறையும் கொள்ளையும்

இனி, இந்தெபெலே படைகள் அயலார் மீது பாய்ந்தமை பொய்யோ எனின், பொய்யன்று. ஊர்கள் எரியூட்டப்பட்டன, மாடுகள் கவரப்பட்டன, இளைஞரும் மகளிரும் சிறைபிடிக்கப்பட்டனர். துன்புற்றோரின் வழித்தோன்றல்கள் அதனை இன்றும் மறந்திலர். அதனை மறைத்தல் வரலாறாகாது. ஆனால் அஃது அவ்வரசின் பொருள் வாழ்வில் எத்தகைய இடம் பெற்றது என்பதே வினா.

முதலாவது, படையெடுப்புப் பெரும்பாலும் அறுவடை முடிந்த வரண்ட பருவத்தில் நிகழ்ந்தது. உழவின் காலக்கணக்கே போரின் காலத்தையும் வகுத்தது. இரண்டாவது, அயல்நாட்டார் அனைவரும் தாக்கப்பட்டாரல்லர். பணிந்து திறை கொடுத்த தலைவர்கள் பாதுகாப்புப் பெற்றனர். திறை தத்தம் நாட்டு விளைபொருளாக அமைந்தது: இரும்பு மண்வெட்டி, ஈட்டி முனை, புகையிலை, தோல், இறகு, மாடு என்பன. சங்வே மக்களின் புகையிலை நெடுந்தொலைவும் புகழ் பெற்றிருந்தது. திறை கொடாதவரும் கொடுத்துப் பின் மறுத்தவருமே பெரும்பாலும் படையை எதிர்கொண்டனர். மூன்றாவது, கவர்ந்த மாடுகள் நிரையைப் பெருக்கினவேனும், நிரை ஆண்டுதோறும் பெருகியது கன்று ஈன்றதனாலேயே. சிறைபிடிக்கப்பட்ட இளைஞர் விற்கப்பட்டிலர். குடும்பங்களிற் சேர்க்கப்பட்டு, மேய்ப்பராயும் உழவராயும் வளர்ந்து, காலப்போக்கில் அவ்வரசின் குடிகளாயினர்.

1970ஆம் ஆண்டுகளில் ஜூலியன் கொப்பிங், இங்வாபி பேபே, டேவிட் பீச் முதலிய வரலாற்றாசிரியர்கள் பழைய ஏடுகளையும் செவிவழி மரபுகளையும் மீண்டும் நுணுகி ஆராய்ந்தனர். கொள்ளையே வாழ்வு என்னும் கூற்று மிகைபடக் கூறியதென்பதை அவர்தம் ஆராய்ச்சி புலப்படுத்தியது. உழவும் கால்நடையும் அடித்தளம். வணிகமும் திறையும் துணை. படையெடுப்பு அதன்மேல் வந்த வருவாய் என்பதே இப்போது தெளிவாகும் படிமுறை.

ஈண்டுத் தமிழ் மாணவர்க்கு ஓர் ஒப்புமை கூறலாம். ஆநிரை கவர்தலை வெட்சி எனவும், மீட்டலைக் கரந்தை எனவும் நம் இலக்கணம் வகுத்து, அதனைப் போரின் தொடக்கமாக வைத்தது. அது கொண்டு, பண்டைத் தமிழர் உழவறியாதவர், நிரை கவர்ந்தே வாழ்ந்தவர் என எவரேனும் எழுதினால் நாம் ஒப்புவோமா? ஒப்போம். நமக்கு வேண்டும் நீதியைப் பிறர்க்கு மறுத்தல் முறையன்று.

வணிகம்

தெற்கே குருமானிலிருந்து சுவானா நாட்டினூடாக வந்த வண்டிப் பாதையே அவ்வரசின் வணிக வாயில். யானைத் தந்தமும் தீக்கோழி இறகும் வெளியே சென்றன; துணியும் பாசிமணியும் துப்பாக்கியும் வெடிமருந்தும் உள்ளே வந்தன. வேட்டைக்கு வந்த ஐரோப்பியர் அரசனிடம் அனுமதி பெறவேண்டும். அதற்குத் துப்பாக்கி, குதிரை முதலியவற்றைக் கொடுக்கவேண்டும். 1872ஆம் ஆண்டில் வந்த செலூஸ் என்னும் புகழ்பெற்ற வேட்டைக்காரரும் இவ்வாறு அனுமதி வேண்டி நின்றவரே. துப்பாக்கி வேட்டை மிகமிக யானைக் கூட்டம் அருகியது. தந்த வருவாயும் சுருங்கியது. 1870ஆம் ஆண்டுகள் முதலாக இளைஞர் சிலர் தெற்கே கிம்பளி வைரச் சுரங்கங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்று, துப்பாக்கியோடு மீண்டனர்.

1867ஆம் ஆண்டில் கார்ல் மௌக் என்னும் ஜேர்மானியர் பொன் இருக்குமிடம் கண்டதாக வெளியிட்ட செய்தி, அந்நாட்டின் மீது பலர் கண்ணையும் திருப்பியது. 1888ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள், செசில் றோட்சின் ஆட்கள் லொபெங்குலாவிடம் ஓர் உடன்படிக்கையிற் குறி பெற்றனர். மாதம் 100 பவுண், 1,000 துப்பாக்கி, 100,000 தோட்டா, சாம்பேசியில் ஓர் ஆயுதப் படகு அல்லது அதற்கீடாக 500 பவுண் என்பன விலை. நாட்டின் கனிப்பொருள் அனைத்தின் உரிமையும் அதற்கு ஈடாக எழுதப்பட்டது. 1889ஆம் ஆண்டில் பிரித்தானிய தென்னாபிரிக்கக் கம்பனி அரச பட்டயம் பெற்றது; 1890ஆம் ஆண்டில் அதன் ஆட்கள் கிழக்கே ஷோனா நாட்டிற் குடியேறினர்.

வீழ்ச்சி

ஒரே நிலத்திலே இருவர் திறை கேட்கும் நிலை இவ்வாறு உண்டாயிற்று. 1893ஆம் ஆண்டு மே மாதத்திலே, விக்ரோறியாக் கோட்டைக்கு அண்மையில் ஷோனா மக்கள் சிலர் தந்திக் கம்பியை வெட்டினர். கம்பனியார் தண்டம் விதிக்க, அவர்கள் மாடுகளைத் தண்டமாகக் கொடுத்தனர். அம்மாடுகளோ லொபெங்குலா அவர்களிடம் வளர்ப்புக்கு விட்டிருந்தவை! அரசன் முறையிட, மாடுகள் திருப்பப்பட்டன. ஆயினும் அடுத்த யூலை மாதத்தில் அப்பகுதிக்கு வந்த இந்தெபெலே படையின் செயல் போருக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. வளர்ப்பு மாட்டின் உரிமை யாது என அறியாமையும், அறிய விரும்பாமையும் அப்போரின் வாயிலில் நின்றன.

படையிற் சேர்ந்த தொண்டர் ஒவ்வொருவர்க்கும் ஏறத்தாழ 6,000 ஏக்கர் நிலமும், பொன் அகழும் உரிமையும், கவரும் மாட்டிற் பங்கும் தருவதாகக் கம்பனியின் ஆட்சியாளர் ஜேம்சன் முன்னரே எழுத்தில் வாக்களித்திருந்தார். இயந்திரத் துப்பாக்கிகளின் முன் இந்தெபெலே வீரம் நில்லாதாயிற்று. 1893 நவம்பரிற் புலவாயோ வீழ்ந்தது. வடக்கே சென்ற லொபெங்குலா மீண்டிலன்.

பின்னர் நிகழ்ந்ததே யாம் முன்பு குறித்த செய்தி. எல்லா மாடும் அரசனுடையவை, அரசனை வென்றோம், எனவே எல்லா மாடும் எம்முடையவை எனக் கம்பனியார் வாதித்தனர். குடிகள் அரசனை உயர்த்திக் கூறிய சொல்லே அவர்தம் சொத்துக்கு எதிரான பத்திரமாயிற்று. குடும்பத்து மாடும் வளர்ப்பு மாடும் வேறுபாடின்றி ஓட்டிச் செல்லப்பட்டன. போருக்கு முன் நிரை இரண்டு இலட்சத்துக்குக் குறையாது என மதிப்பிடுவர். 1895ஆம் ஆண்டில் எண்ணிப் பங்கிட்டபோது குடிகளுக்கு விடப்பட்டவை ஏறத்தாழ 40,000 மட்டுமே. புலவாயோவைச் சூழ்ந்த நல்ல நிலம் குடியேறிகளின் தோட்டங்களாயிற்று. 1894ஆம் ஆண்டில் குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட குவாய், சங்கானி என்னும் இரு பகுதிகளும் நீரருகிய தொலை நிலங்கள். 1896ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வடக்கிலிருந்து பரவிய ரிண்டர்பெஸ்ட் என்னும் கொள்ளைநோய் எஞ்சிய மாடுகளையும் வாரிக்கொண்டது. நோயைத் தடுப்பதற்கெனச் சுடப்பட்டவையும் பல. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே அம்மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சியின் காரணங்களை ஆராய்ந்த சேர் றிச்சட் மாட்டின், மாட்டைப் பறித்ததையும் கட்டாய வேலை வாங்கியதையும் 1897ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக் காட்டினார்.

முடிவுரை

இந்தெபெலே அரசு குற்றமற்ற அரசு என்பது எம் கருத்தன்று. ஆயினும் அதன் அடித்தளம் மகளிரின் மண்வெட்டியும், மேய்ப்பரின் காவலும், வளர்ப்பு மாட்டால் அமைந்த உறவுமேயன்றி, வாளும் தீயும் மட்டுமல்ல. அங்குச் சென்ற பாதிரியார்க்குத் தம் போதனை பலியாத மனக்குறை இருந்தது. வேட்டைக்காரர் அரசனுடைய ஊரைத் தவிரப் பிறவற்றை அரிதாகவே நின்று கண்டனர். கம்பனியார்க்கோ நிலமும் பொன்னும் வேண்டியிருந்தன. கொள்ளையர் எனப் பெயரிட்டால் கொள்ளையிடுதல் எளிதாகும்.

வரலாறு பயிலும் மாணவர் ஒரு மக்களைப் பற்றிய கூற்றைப் படிக்கும்போது, கூறியவர் யார், எங்கு நின்று கண்டார், அக்கூற்றால் யாருக்கு ஊதியம் என மூன்று வினாக்களை எழுப்புவாராக. மக்கள் எதை உண்டனர், யார் விளைவித்தனர், எங்கே சேமித்தனர், யாருக்குக் கடன் கொடுத்தனர் என்று வினவத் தொடங்கினால், அரசர் பெயரும் போர் ஆண்டும் மறைத்து வைத்த நாடு மெல்லமெல்லக் கண்முன் தோன்றும்.